வழிகாட்டிய பச்சை நூல்

வழிச்செல்வோர்க்குப் பகலில் உணவும் இரவில் உறைவிடமும் இன்றியமையாதன. அறியாத ஊர்களில் இவை கிடைக்கும் இடங்களைத் தொகுத்துரைக்கும் அச்சுநூல் வழிகாட்டி எனப்படும். பயண இன்பத்தை மிகுவிப்பதே அத்தகைய நூல்களின் இயல்பு. ஆயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு வழிகாட்டி, மக்களின் மானத்தையும் உயிரையும் காத்தற்பொருட்டே தோன்றிற்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டில் நிறவேற்றுமை தலைவிரித்தாடியது. கறுப்பினத்தார் தம் உழைப்பால் மோட்டார் வண்டி வாங்கினும், சாலையோர விடுதிகள் பலவற்றில் அவர்க்கு இடமில்லை; உண்டிச்சாலைகள் பலவற்றில் உணவில்லை. பொழுது சாய்ந்தபின் அவர்கள் தங்கலாகாது எனத் தடுத்த ஊர்களும் இருந்தன. ஆதலின், உணவையும் போர்வையையும் உடன்கொண்டு சென்று, வண்டியிலேயே உறங்கினோர் பலர்.

கூடாரமிட்டுத் தங்கும் வெளியிடங்களிலும் இவ்வேற்றுமை புகுந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில், 1939ஆம் ஆண்டு, லூயிஸ் மலை என்னுமிடத்தில் கறுப்பினத்தார்க்கெனத் தனிக் கூடாரத்திடல் திறக்கப்பட்டது. வானும் மலையும் மரநிழலும் யாவர்க்கும் பொது. மனிதனோ அவற்றின் நடுவேயும் கோடு கிழித்தான். 1950ஆம் ஆண்டளவிலேயே அப்பூங்காவில் அப்பிரிவினை முற்றும் நீங்கிற்று.

இத்துன்பங்களைக் கண்டு உள்ளம் வருந்தியவர்களுள் ஒருவர் விக்டர் ஹியூகோ கிரீன். அவர் நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியில் வாழ்ந்தவர், தபால்காரர். கறுப்பினப் பயணிகளை வரவேற்கும் இடங்களைத் திரட்டி, 1936ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். ‘கிரீன் புக்’ என்பது அதன் வழக்குப் பெயர். கிரீன் என்பது ஆசிரியர் பெயர். பச்சை என்பதும் அதன் பொருள்.

முதலில் நியூயார்க் வட்டாரத்தை மட்டும் கூறிய அந்நூல், பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. பயணம் செய்து மீண்டோர் தாம் அறிந்தவற்றை எழுதியனுப்பினர். மாநிலவாரியாகவும் ஊர்வாரியாகவும் விடுதி, உண்டிச்சாலை, வண்டி பழுதுபார்க்கும் இடம் முதலியவற்றின் முகவரிகள் அதில் நிரல்பட அமைந்தன. விடுதியில்லாத ஊர்களில், தம் இல்லத்தில் ஓர் அறையை வாடகைக்கு ஈந்து பயணிகளை ஏற்ற குடும்பத்தாரின் முகவரிகளும் இடம்பெற்றன. எஸ்ஸோ பெட்ரோல் நிலையங்களிலும் அந்நூல் கிடைத்தது.

எல்லா மக்களும் சமவுரிமை எய்தும் நாள் வரும். அன்று இந்நூல் வேண்டா. அன்றே இதனை நிறுத்திவிடலாம் எனக் கிரீன் நம்பினார். 1960ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1964ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடிசார் உரிமைகள் சட்டம், விடுதிகளிலும் உண்டிச்சாலைகளிலும் நிறவேற்றுமை பாராட்டுதலைத் தடுத்தது. 1966–67ஆம் ஆண்டுப் பதிப்போடு அந்நூல் நின்றது.

தம் நூல் நெடுநாள் நிலவவேண்டும் என விரும்புதல் ஆசிரியர் இயல்பு. தம் நூல் வேண்டப்படாது ஒழியும் நாளை எதிர்நோக்கி எழுதியவர் கிரீன். பிறர் துயர் துடைக்கும் கல்விக்கு இதனினும் சிறந்த சான்று வேறு யாது?