மெய்ப்பாடும் நிலைக்களனும்: சிவாஜி கணேசனின் சிறந்த படமும் தாழ்ந்த படமும்

ஒன்றன் குணத்தையும் குற்றத்தையும் தனித்தனி ஆராய்ந்து, மிகுந்து நிற்பது யாதென அறிந்த பின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. நூல்களை மதிப்பிடுவோர் இந்நெறியை ஓரளவேனும் போற்றுகின்றனர். சினிமா நடிகரை மதிப்பிடுவோரோ இதனை அறவே மறந்துவிடுகின்றனர். தாம் விரும்பும் நடிகர் செய்தன யாவும் குணமே என்பர் ஒருசாரார். அவை யாவும் குற்றமே என்பர் மற்றொருசாரார். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 2001ஆம் ஆண்டு யூலை 21ஆம் நாள் மறைந்தார். ஏறக்குறைய முந்நூறு படங்களை விட்டுச்சென்ற அவருடைய படைப்புகளுள் எது தலையாயது, எது கடையாயது என்னும் வழக்கு வாசிகசாலைகளிலும் கலியாண வீட்டுப் பந்தல்களிலும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

முதியோர் 'பாசமலர்' என்பர். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்பர். இளைஞர் நகைத்து, "அவர் நடித்தது 'முதல் மரியாதை' ஒன்றிலேதான்; ஏனையவை எல்லாம் வெறுங் கூச்சல்" என்பர். இதனை வெறும் பொழுதுபோக்கு வழக்கென்று தள்ளுதல் கூடாது. இளைஞர் கூற்று முற்றும் மெய்யாயின், ஒரு தலைமுறை படமாளிகை இருளில் இருந்து சிந்திய கண்ணீர் பேதைமையாய் முடியும். முதியோர் கூற்று முற்றும் மெய்யாயின், நடிப்புக்கலைக்கு அளவுகோல் என ஒன்று இல்லாதொழியும். ஆதலின் இதற்கு ஓர் அளவுகோல் தேடுவோம்.

தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு என்றார். அவ்வளவில் நில்லாது, அவை ஒவ்வொன்றும் பிறத்தற்கு நந்நான்கு நிலைக்களன்களையும் வகுத்தார். உள்ளத்து உணர்ச்சி உடம்பின்வழிப் புலப்படுதல் மெய்ப்பாடு; அவ்வுணர்ச்சி தோன்றுதற்குரிய காரணம் நிலைக்களன். பண்டைத் தமிழ் இலக்கணத்தைக் கொண்டு பிறவற்றை அளத்தல் தகுமோ என ஐயுறுவார் உளராயின், அவர்க்கு ஈழம் தந்த பேரறிஞர் விபுலானந்த அடிகள் வழிகாட்டியிருக்கின்றார். செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திக் காட்டிய அவருடைய 'மதங்க சூளாமணி' 1926இல் வெளிவந்தது. ஆங்கில நாடகத்துக்குப் பொருந்திய அளவுகோல் தமிழ்ப் படத்துக்குப் பொருந்தாதோ?

பெருமிதத்தின் நான்கு வாயில்கள்

எட்டு மெய்ப்பாட்டுள்ளும் சிவாஜி கணேசனுக்கே உரியது எனத்தக்கது பெருமிதம். அதன் நிலைக்களன்களாவன கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. இந்நான்கிற்கும் அவர் நான்கு படங்களை உரைபோல விட்டுச் சென்றார் எனலாம்.

தறுகண் என்னும் அஞ்சாமைக்கு 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959). சக்தி கிருஷ்ணசாமி எழுதிய இந்நாடகத்தை மேடையிலே நடித்துப் பண்பட்ட பின்னரே அவர் திரைக்குக் கொணர்ந்தார். ஜாக்சன் துரையின் முன் நின்று அவர் பேசிய வசனத்தை மனனஞ் செய்து பேசாத பள்ளிக்கூட மேடை அக்காலத்தில் அரிது. ழகரமும் லகரமும் ளகரமும் தத்தம் இடத்தில் ஒலிக்க, மூச்சு நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தித் தமிழ் பேசுதல் எவ்வாறென அப்படம் மாணாக்கருக்குக் கற்பித்தது. 1960இல் கெய்ரோ நகரில் நிகழ்ந்த ஆசிய ஆபிரிக்கப் படவிழாவிலே சிறந்த நடிகர் என்னும் பரிசை அவருக்குப் பெற்றுத் தந்ததும் இப்படமே.

கொடைக்குக் 'கர்ணன்' (1964). உடலோடு பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் இரந்தவனுக்கு ஈயும் காட்சியிலே, கொடுப்பவன் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி பெறுபவன் முகத்தில் இல்லை. 2012இல் அப்படம் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திரைக்கு வந்தபோது, தந்தையர் கண்டு மகிழ்ந்ததை மக்களும் காசு கொடுத்துக் கண்டு மகிழ்ந்தனர்.

இசைமையாவது பழியொடு வருவனவற்றை விலக்கிப் புகழையே பற்றி நிற்றல். அதற்குக் 'கப்பலோட்டிய தமிழன்' (1961). தூத்துக்குடிக்கும் நம் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம்பிள்ளை சிறையிலே செக்கிழுத்த வரலாறு அது. அங்கே வீறிட்டுப் பேசும் கட்டபொம்மனைக் காண்கிலோம். உடல் தளர்ந்தும் உள்ளம் தளராத ஒரு வக்கீலையே காண்கின்றோம்.

கல்விக்குத் 'தில்லானா மோகனாம்பாள்' (1968). கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதையின் தலைவன், நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரம். வாசித்தவர் மதுரைச் சகோதரர்களான சேதுராமன், பொன்னுசாமி. ஆயினும் கன்னம் புடைத்தலும், விரல் துளைகளின்மேல் ஓடுதலும், தன் வித்தையை மதியாதவனைக் கண்டபோது கண் சிவத்தலும் நடிகருடையவை. கற்றோர்க்கே உரிய செருக்கும், அச்செருக்கினூடே குழந்தைபோன்ற பொறாமையும், அதனடியிலே மறைந்து கிடக்கும் காதலும் ஒருங்கே தோன்றும் பாத்திரம் இது போல வேறொன்று அவருக்கு வாய்க்கவில்லை.

மிகை என்னும் குற்றச்சாட்டு

இனி, அவர் நடிப்பு மிகை என்னும் குற்றச்சாட்டை நோக்குவோம். 1928இல் பிறந்த அவர் இளஞ்சிறுவனாய் நாடகக் குழுவிற் சேர்ந்து வளர்ந்தவர். ஒலிபெருக்கி பரவாத மேடையிலே கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் சொல் விளங்கல் வேண்டும். முகக்குறிப்புத் தெரியல் வேண்டும். அண்ணாதுரை எழுதிய நாடகத்திலே மராட்டிய வீரன் சிவாஜியாக நடித்து, பெரியாரிடம் 'சிவாஜி' என்னும் பெயரைப் பெற்றதும் மேடையிலேதான். அம்மேடைப் பயிற்சியோடு 1952இல் 'பராசக்தி'யிலே நீதிமன்றக் கூண்டில் ஏறினார். தொல்காப்பியர் வெகுளிக்குக் கூறிய நிலைக்களன்களுள் குடிகோள் என்பது ஒன்று. சுற்றத்துக்கும் குடிக்கும் கேடு சூழ்தல் என்பது அதன் பொருள். தன் குடும்பம் சிதையக் கண்ட குணசேகரன் அக்கூண்டில் நின்று மெல்லப் பேசியிருப்பின் அதுவே பொய்யாயிருக்கும்.

நாதஸ்வரம் கோயில் வீதிக்கென அமைந்த வாத்தியம். தேரோடும் வீதியில் அதன் ஒலி தேவாமிர்தம். சிறிய அறைக்குள்ளே செவியைத் துளைக்கும். அதனால் வாத்தியத்தைக் குறைகூறுவார் உண்டோ? அறைக்குள்ளே கொணர்ந்து முழங்கச் செய்தவரையன்றோ குறைகூறல் வேண்டும். சிவாஜி கணேசனின் நடிப்பும் அத்தகையது. நிலைக்களன் பெரிதாயின் மெய்ப்பாடும் பெரிதாதல் இயற்கை. நிலைக்களன் சிறிதாகவோ இல்லாமலோ போக மெய்ப்பாடு மாத்திரம் பெரிதாய் நிற்பின் அதுவே மிகை.

அடங்கி நடித்தல் அவருக்கு இயலாது என்பாரும் உளர். அவர்கள் 'அந்த நாள்' (1954) படத்தைக் காணவில்லை போலும். பாட்டும் ஆட்டமும் இன்றி எஸ். பாலச்சந்தர் இயக்கிய அப்படத்திலே, நாடு தன் ஆற்றலை மதிக்கவில்லை என்னும் மனக்குறையால் பகைவர்க்கு ஒற்றனாய் மாறிய வானொலிப் பொறியியலாளனாக அவர் வந்தார். அன்பும் சூழ்ச்சியும் ஒரே முகத்தில் மாறிமாறி நிழலாடும். 'உயர்ந்த மனிதன்' (1968) படத்திலே தன் இளமைக்கால மணத்தை மறைத்து வாழும் செல்வனாக வந்தபோதும் துயரத்தைப் பெரும்பாலும் மௌனத்திலேயே வைத்தார்.

அழுகையை நோக்கினும் இந்நியதியே காணப்படும். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அழுகையின் நிலைக்களன்கள். 'பாசமலர்' (1961) இந்நான்கனையும் தொடுத்து அமைத்த படம். பெற்றோரற்ற அண்ணனும் தங்கையும் முதலில் வறுமையைக் காண்கின்றனர், செல்வம் வந்தபின் உறவினரால் இளிவு, நன்னிலை கெட்டுக் கண்ணொளியும் இழத்தலாகிய அசைவு, ஈற்றில் இழவு. படம் முழுதும் அடுக்கி வந்த பாரமே அவ்விறுதிக் காட்சியில் அழுகையாய் உடைகிறது. அது கண்டு அழுதோர் பேதையர் அல்லர். 'வியட்நாம் வீடு' (1970) படத்துப் பத்மநாபன் உத்தியோகத்தோடு மதிப்பையும் இழந்து தளரும்போது எழும் அழுகையும் அத்தகையதே.

தாழ்ந்த படங்கள்

எனின், தாழ்ந்தவை எவை? 1970களின் பிற்பகுதி தொடங்கி அவர் பிறமொழிப் படங்களின் தழுவல்களிலே மிகுதியும் நடித்தார். 'அமானுஷ்' 'தியாகம்' (1978) ஆயிற்று; 'மஜ்பூர்' 'நான் வாழவைப்பேன்' (1979) ஆயிற்று; கன்னடத்துச் 'சங்கர் குரு' 'திரிசூலம்' (1979) ஆயிற்று. தழுவல் என்பதே குற்றமன்று. 'உயர்ந்த மனிதன்' வங்காளப் படமொன்றின் தழுவலே. பிறன் ஒருவனுக்கென அமைந்த சட்டையை அளவு பாராது அணிந்ததே குற்றம்.

இவற்றுள் கடையாயது எதுவெனக் கேட்பின், 'திரிசூலம்' என்பது எம் துணிபு. அது அவருடைய இருநூறாவது படம். வசூலிலே பெருவெற்றி கண்டது. மூன்று வேடங்கள் அதில் உண்டு. 'தெய்வமகன்' (1969) படத்திலும் மூன்று வேடங்களே. அங்கே தகப்பனின் குற்றவுணர்ச்சி, மூத்தவனின் முகவிகாரத்தால் வந்த இளிவரல், இளையவனின் செல்லம் என மூன்றும் வெவ்வேறு களனில் முளைத்தவை. 'திரிசூல'த்திலோ வேடங்கள் மூன்று, மனிதன் ஒருவனே. ஐம்பதை எட்டிய கலைஞரை இளங்காதலனாக ஓடியாடச் செய்தபோது, உவகை காட்ட எடுத்த காட்சி எள்ளல் காரணமாக நகையை விளைத்தது.

நம் நாட்டிலே படமாக்கப்பெற்று, மாலினி பொன்சேகா உடன் நடித்த 'பைலட் பிரேம்நாத்' (1978) பற்றியும் ஒருசொல். நம் மண்ணைத் திரையிற் கண்ட மகிழ்ச்சி வேறு. படத்தின் தகுதி வேறு. ஊர்ப்பற்று அளவுகோல் ஆகாது.

ஒன்பது வேடங்கள் பூண்ட 'நவராத்திரி' (1964) இவ்விருவகைக்கும் இடைப்பட்டது. அஃது ஆற்றலின் கண்காட்சி. ஒன்பது சுவைக்கும் ஒரு படத்துள் இடந்தேடினமையால் ஒவ்வொன்றுக்கும் களன் குறுகிற்று. ஆயினும் தெருக்கூத்துக் கலைஞராக வரும் பகுதி ஒன்றுக்காகவே அப்படத்தை மீண்டும் காணலாம்.

குற்றம் எவருடையது?

தாழ்ந்த படங்களுக்கு நடிகரை மாத்திரம் பொறுப்பாக்குதல் நீதியன்று. 'அந்த நாள்' வெளிவந்தபோது மக்கள் அதனை வரவேற்கவில்லை. 'கப்பலோட்டிய தமிழ'னும் வசூலிலே தோற்றது. 'திரிசூல'த்தை மக்கள் தலைமேற் கொண்டாடினர். அரிய நடிப்புக்குக் கைதட்டாது, வெற்றார்ப்பாட்டுக்குக் கைதட்டிய மக்கட்கூட்டம், நடிகர் எத்திசையிற் செல்லல் வேண்டுமெனத் தன் கைகளாலேயே காட்டிவிட்டது. அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். இந்திய அரசின் சிறந்த நடிகர் விருது அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை என்று இன்று வருந்துகின்றோம். பிரான்சு தேசம் 1995இல் செவாலியே விருதளித்ததைப் பெருமையோடு நினைவுகூர்கின்றோம். நல்ல படங்களை அவை வெளிவந்த காலத்தில் நாம் எவ்வாறு நடத்தினோம் என்பதையும் அவற்றோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

இளைஞர் போற்றும் 'முதல் மரியாதை'க்கு (1985) இனி வருவோம். பாரதிராஜா அந்த நாதஸ்வரத்தைச் சிறிய அறைக்குள்ளே அழைத்து, தாழ்ந்த சுருதியில் வாசிக்கச் செய்தார். மலைச்சாமி என்னும் ஊர்ப்பெரியவர் வாழ்நாள் முழுதும் அடக்கிய ஏக்கம் ஒரு பார்வையில் வெளிப்படுகிறது. ஆனால் இளவட்டக்கல்லைத் தூக்கி நிமிர்ந்தபோது அம்முகத்தில் மலர்ந்த பெருமிதம் கட்டபொம்மனிடத்தும் கர்ணனிடத்தும் கண்ட பெருமிதமே அன்றோ? பழைய நடிப்பைப் பொய்யாக்கிய படமன்று அது. அதே நடிப்பு, களனுக்கேற்ப அடங்கி நின்ற படம். ஆகவே 'முதல் மரியாதை'யைப் புகழ்வோர் பிறவற்றை இகழவேண்டிய நியாயம் இல்லை.

ஒன்றைத்தான் தலையாயதாகக் கூறல் வேண்டுமெனின், 'தில்லானா மோகனாம்பா'ளையே கூறுவோம். ஏனைய படங்களிலே நடிகர் பாத்திரத்துக்கேற்ப மிகையைக் கூட்டினார் அல்லது குறைத்தார். இதிலோ மிகை, பாத்திரத்தின் இயல்பாகவே அமைந்துவிட்டது. தன் கலை ஒன்றையே செல்வமாகக் கொண்டு, அதனை மதியாத உலகத்தோடு பிணங்கும் சண்முகசுந்தரத்தை அளவாய் நடிப்பது எங்ஙனம்? முதியோர் விரும்பும் முழக்கமும் இளைஞர் விரும்பும் உண்மையும் அங்கே பகையின்றி ஓரிடத்தில் இருக்கின்றன.

இஃது எம் துணிபு. மறுப்பார் மறுக்கலாம், மறுக்குங்கால் தாம் உயர்த்தும் படத்தின் மெய்ப்பாட்டை மாத்திரம் காட்டாது, அது பிறந்த நிலைக்களனையும் காட்டி மறுப்பாராக.