கடைசிப் பல்லின் மேல் ஒரு மூடி

காது வலிக்கிறது என்று டாக்டரிடம் போய், காதில் ஒன்றுமில்லை என்று திரும்பிவரும் கல்லூரி வயதுக்காரர்கள் சிலருக்கு, வலியின் ஊற்று வாயின் கடைக்கோடியில் இருக்கும். கீழ்த்தாடைப் பற்களுக்கும் காதின் முன்பக்கத்துக்கும் போவது ஒரே நரம்பின் கிளைகள். எந்தக் கிளையிலிருந்து சேதி வந்தது என்று மூளை குழம்பிவிடுகிறது. 17 வயதுக்கும் 25 வயதுக்கும் நடுவில் முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப்பல், அதாவது ஞானப்பல், அங்கே வெளிவரப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வருவதால்தான் வலிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த வலி உண்டுதான், ஆனால் லேசானது. சில நாளில் தானாக அடங்கும். தூங்கவிடாத வலிக்குக் காரணம் வேறு. தாடையில் இடம் போதாமல் பல் பாதி வந்து நின்றுவிடுகிறது. மீதியை ஈறுச்சதை ஒரு மடலாக மூடிக்கொண்டிருக்கிறது. மடலுக்கும் பல்லுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அதற்குள் சோற்றுப் பருக்கையும் கடலைத் துணுக்கும் போய் உட்காரும், பிரஷ் போகாது. ஆக்சிஜன் இல்லாத மூலையை விரும்பும் பாக்டீரியாக்கள் அங்கே பெருகி, மடல் வீங்குகிறது. வீங்கிய மடலை மேல்வரிசைப் பல் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் கடிக்கிறது. அதனால் இன்னும் வீங்குகிறது. பல் மருத்துவர்கள் இதைப் பெரிகொரோனைட்டிஸ் என்கிறார்கள். வாய் நாற்றம், விழுங்கும்போது வலி, இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக்கூட வாய் திறக்க முடியாமை எல்லாம் கூடவே வரும். (வலியே இல்லாமல், மாதக்கணக்கில் வாய் திறப்பது சுருங்கிக்கொண்டே வந்து, காரம் பட்டால் எரிகிறதென்றால் அது பல்லின் வேலை அல்ல. பாக்குப் போடுகிறவர்கள் இதைக் காட்டத் தாமதிக்கக் கூடாது.)

ஆகவே வலியைத் தணிப்பதில் முதல் வேலை அந்த இடுக்கைச் சுத்தம் செய்வது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. சும்மா வாயில் ஊற்றித் துப்பினால் போதாது. தலையை வலிக்கிற பக்கம் சாய்த்து, நீரை அங்கே நிறுத்தி, அலசித் துப்ப வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும். வலிக்கிறதே என்று அந்தப் பக்கம் துலக்காமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்வது, நோய்க்கு வசதியும் அதுதான். சின்னத் தலையுள்ள மெல்லிய பிரஷ் கொண்டு மெதுவாகத் துலக்கலாம்.

கிராம்பு வேலை செய்யும். அதிலுள்ள யூஜெனால் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. இதே பொருளைத் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்துப் பல் மருத்துவர்கள் தற்காலிகமாக அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கிராம்புத் தைலத்தை அப்படியே வைத்தால் ஈறு வெந்துவிடும். தேங்காய் எண்ணெயில் ஒரு துளி கலந்து பஞ்சில் தொட்டு வைக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின்மேல் ஒதுக்கிக்கொள்வது வேண்டவே வேண்டாம். அது அமிலம், சதையைச் சுட்டுவிடும்.

மாத்திரை விஷயத்தில் இந்தப் பல்லுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. வலி மாத்திரைகளை மனிதரிடம் சோதிக்க உலகெங்கும் கையாளும் வழிகளில் முக்கியமானது, ஞானப்பல் எடுத்தவர்களுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்ப்பது. பல் எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளைஞர்கள். மரத்துப்போகப் போட்ட ஊசி சில மணி நேரத்தில் இறங்கும். உடனே எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வலி தொடங்கும். ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுத்து வலி குறைவதைக் கடிகாரம் வைத்து ஒப்பிடலாம். மூட்டுவாதத்துக்கு மருந்து தேடிய ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவினர் நாட்டிங்ஹாமில் கண்டுபிடித்து, 1969-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஐபுப்ரோஃபென் இந்தச் சோதனைகளில் நன்றாகத் தேறியது. அதோடு பாராசிட்டமாலும் சேர்ந்தால் இன்னும் மேல். அபின்வகை மாத்திரைகள் பலவற்றைவிட இந்த ஜோடி நன்றாகக் கேட்கிறது. ஐபுப்ரோஃபென் வீக்கம் உள்ள இடத்திலேயே வலியூட்டும் வேதிப்பொருள் உருவாவதைத் தடுக்கிறது, பாராசிட்டமால் பெரும்பாலும் மூளைப் பக்கம் வேலை செய்கிறது. இரண்டும் கலந்த மாத்திரை கடையில் கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டு தனியாகவும் பாராசிட்டமால் விழுங்கினால் அளவு மீறும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம், மீறினால் ஈரல் கெடும். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் தொடக் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு இல்லையென்று தெரியும்வரை எவருமே தொடக் கூடாது. ரத்தக் கசிவை அது கூட்டிவிடும்.

மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாட்டிக் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இடுக்கில் அழுக்கு இருக்கும்வரை அது வீண். மருத்துவர் மருந்து நீரைப் பீச்சி மடலுக்கு அடியில் கழுவிவிட்டாலே பலருக்கு ஓரிரு நாளில் வலி இறங்குகிறது. காய்ச்சல் அடித்தால், வீக்கம் பரவினால்தான் ஆன்டிபயாட்டிக்.

பல்லை எடுத்தே ஆக வேண்டுமா? தொல்லை தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000-இல் சொன்னது. திரும்பத் திரும்ப வீங்கினாலோ, சாய்ந்து வளர்ந்து பக்கத்துப் பல்லைச் சொத்தையாக்கினாலோ எடுப்பதே நல்லது. அதற்குமுன் தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே பார்ப்பார்கள். வேருக்கு மிக அருகே உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் உதடு மரத்துப்போகலாம்.

தாடைக்கு அடியில் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு திணறினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல்லை எடுத்தவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: எடுத்த பிறகு குழியில் உறையும் ரத்தம்தான் எலும்புக்குப் போர்வை. சிகரெட் பிடித்தாலோ, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலோ அது பெயர்ந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் முன்பைவிட மோசமான வலி வரும். இளநீர் குடிப்பதானால் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள்.