கன்சோலுக்குள் இத்தனை கூத்தா? இதெல்லாம் தெரியுமா?

புரோகிராம் எழுதுகிறவர்களின் திரையில், அடிப்பகுதியில் கடகடவென்று வரிகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் டீபக் கன்சோல்! உள்ளே என்ன நடக்கிறது என்று புரோகிராமே வாய் திறந்து சொல்லும் இடம். அங்கே நடக்கும் விநோதங்கள் கொஞ்சநஞ்சமல்ல!

விடை எங்கே? புள்ளியில்!
நினைவகத்தில் பதிந்த புரோகிராமை முதன்முதலில் ஓட்டிய மின்னணுக் கணினி எது தெரியுமா? இங்கிலாந்தின் மான்செஸ்டர் ‘பேபி’! நாள்: 1948 ஜூன் 21. பிரிண்டர் கிடையாது! 52 நிமிடம் ஓடி, சுமார் 35 லட்சம் கட்டளைகளை முடித்து, விடையை ஒரு குழாயின் முகப்பில் வெறும் ஒளிப்புள்ளிகளாகக் காட்டியது. எண் என்ன என்று பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

அழகாக அச்சான பிழை!
பிழைச்செய்திக்கு மட்டும் தனிப் பாதை வந்த கதை தெரியுமா? 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், யூனிக்ஸ் இயங்குதளக்காரர்கள் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்குக் கட்டுரையை அனுப்பினார்கள். நாற்றமடிக்கும் இன்னொரு இயந்திரத்தில் தாளைக் கழுவி, பல நிமிடம் காத்திருந்தால்... தாளில் ஒரே ஒரு வரி! ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்ற பிழைச்செய்தி, கண்ணைக் கவரும் எழுத்தில்! எல்லோரும் புலம்ப, சில நாளிலேயே பிறந்தது ‘ஸ்டாண்டர்ட் எரர்’. பாதைகளுக்கு எண்ணும் உண்டு: உள்ளீட்டுக்கு 0, வெளியீட்டுக்கு 1, பிழைக்கு 2. அந்த எண்கள் இன்றுவரை மாறவில்லை!

திறந்தால் ஓடும், மூடினால் படுக்கும்!
இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 பிரவுசர் செய்த வேடிக்கை தெரியுமா? டெவலப்பர் டூல்ஸ் திறந்திருந்தால்தான் அதில் ‘கன்சோல்’ என்பதே இருக்கும்! மறந்துபோய் ஒரு ‘கன்சோல்.லாக்’ வரியை விட்டுவைத்தால், தளத்தைப் பார்க்க வருபவரிடம் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும். என்ன கோளாறு என்று பார்க்க டூல்ஸைத் திறந்தால்? எல்லாம் ஜோராக ஓடும்!

கண்முன்னே மாறும் மதிப்பு!
குரோம் கன்சோலில் ஒரு ஆப்ஜெக்டை அச்சிட்டு, பக்கத்திலிருக்கும் சின்ன முக்கோணத்தைச் சொடுக்கிப் பாருங்கள். விரிந்து தெரிவது அச்சிட்ட நேரத்து மதிப்பு என்றா நினைத்தீர்கள்? இல்லை! நீங்கள் சொடுக்கிய நேரத்து மதிப்பு! இடையில் புரோகிராம் அதை மாற்றியிருந்தால், மாறியதுதான் தெரியும்!

மாயமாகும் வரிகள்!
விஷுவல் ஸ்டுடியோவில் ‘டீபக்.ரைட்லைன்’ எழுதிவிட்டு, அவுட்புட் விண்டோ காலியாக இருக்கிறதே என்று விழிக்கிறீர்களா? எஃப்5 அழுத்தினீர்களா, கன்ட்ரோல்+எஃப்5 அழுத்தினீர்களா? இரண்டாவது என்றால் பிழை தேட உதவும் டீபக்கரே சேராமல் புரோகிராம் தனியாக ஓடும். அங்கே எதுவும் வராது! ‘ரிலீஸ்’ பில்டிலோ இன்னும் மோசம்: சி ஷார்ப் கம்பைலர் அந்த வரிகளைச் சேர்ப்பதே இல்லை!

பார்த்தால் ஓடிவிடும் பிழை!
டாக்டர் வாசலை மிதித்ததும் இறங்கிவிடும் காய்ச்சல் மாதிரி ஒரு பிழை உண்டு, தெரியுமா? அதன் பெயர் ‘ஹைசன்பக்’! ஆளைப் பிடிக்க ஒரு பிரிண்ட் வரியைச் சேர்ப்பீர்கள். அதற்கு ஆகும் துளி நேரத்தில் வேலைகளின் வரிசை மாறி, பிழை காணாமல் போய்விடும். வரியை நீக்கினால்? திரும்ப ஆஜர்!

ஒரு வரி பதிந்தாலே ஆபத்து!
வெறுமனே லாக் எழுதுவதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெளியானது. குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியை அது லாக்கில் பதிந்தால் போதும், வெளியாள் அனுப்பும் நிரலை சர்வரே ஓட்டிவிடும்! மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு சாட் செய்தியே அதற்குப் போதுமானதாக இருந்தது! அபாய மதிப்பெண்? 10-க்கு 10!

2,400 கோடி கி.மீ. தாண்டி டீபக்!
1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் திடீரென உளறத் தொடங்கியது. நாசா பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2024 மார்ச்சில் ஒரு கட்டளையை அனுப்பி, அதன் தகவல் கணினியின் நினைவகம் முழுவதையும் பூமிக்கே வரவழைத்தார்கள்! அலசினால், சுமார் 3 சதவீத நினைவகம் கெட்டிருந்தது. நிரலைத் துண்டுதுண்டாகப் பிரித்து வேறு இடங்களுக்கு மாற்ற, ஏப்ரலில் வாயேஜர் தெளிவாகப் பேசியது! ஒரு கட்டளை போய்ப் பதில் வர அப்போது எவ்வளவு நேரம் ஆனது? சுமார் 45 மணி நேரம்! இனி ‘அவுட்புட் வர லேட் ஆகுதே’ என்று சலித்துக்கொள்வீர்களா?