நெலு வளர்ப்போம்

கந்தப்பளையில் தேயிலை முடியும் மலைமுகட்டிலே காடு தொடங்குகின்றது. சீதா எலியா வரை பரந்துள்ள அக்காப்புக்காட்டிற் பெருமரங்களின் கீழே ஆளுயரத்துக்கும் மேலாய் நெருங்கி நிற்கும் புதர்களைச் சிங்கள மக்கள் நெலு என்பர். நீலகிரியிற் பூக்கும் குறிஞ்சியும் இதுவும் ஓரினத்தன. ஆடாதோடையும் கனகாம்பரமும் இவற்றின் குடும்பத்தனவே. குறிஞ்சித் திணையைப் பாடமாக ஓதிய நாம், அதன் உறவுச் செடி நம் லயங்களின் பின்புறத்தே நிற்பதை நோக்கினோமல்லோம்.

இலங்கையில் நெலு வகைகள் ஏறக்குறைய 30 உள. சில ஆண்டுதோறும் பூக்கும். வேறு சில பல்லாண்டு வளர்ந்து, ஒரே பருவத்தில் ஒருங்கே பூத்து, வித்துதிர்த்து மடியும். ஹோட்டன் சமவெளியில் 2013ஆம் ஆண்டு இவ்வாறு பூத்ததைக் கண்டோர் பலர். நீலகிரிக் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தமையால் அதன் பன்னீராண்டுக் கணக்கு விளங்கும். இங்ஙனம் ஒருங்கே பூப்பதனால், உண்ணும் உயிர்கள் உண்டு தீர்க்கவியலாத அளவு வித்து நிலத்திற் சேர்கின்றதென்பது தாவர நூலார் கருத்து.

பூத்த காலத்திலே தேனீக்களுக்குப் பெருவிருந்து. வித்துக் காலத்திலே காட்டுக்கோழிக்கும் எலிக்கும் விருந்து. எலியைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. 1861இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் தெனன்ற், நெலு வித்தையுண்டு காட்டில் வாழும் எலிகள் இரை குன்றியபோது திரளாகக் கோப்பித் தோட்டங்களிற் புகுந்தமையை எழுதியுள்ளார். தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் எலி மிகுந்த இடங்களையே விரும்பினர் என்றும், அவற்றைத் தேங்காயெண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்டனர் என்றும் கூறுகின்றார். அவர் அதனை விருப்பமென்றார்; வயிற்றுப் பசியென்று நாம் படிக்கின்றோம்.

இனி வளர்க்கும் முறை. காப்புக்காட்டிற் செடி பறித்தல் குற்றமாகும். ஆதலின், தோட்டத்து ஓடைக்கரைகளில் எஞ்சியுள்ள புதர்களிலிருந்தே, தோட்ட நிருவாகத்தின் இசைவுடன், வித்தெடுத்தல் வேண்டும். முற்றியுலர்ந்த காயில் ஈரம் பட்டால் அது வெடித்து வித்தைத் தெறித்துவிடும். எனவே மழைக்கு முன்னே காய்க்கதிரைத் துணிப்பையாற் கட்டிக் கொய்க. இலைமட்கு நிறைந்த ஈர நிலத்தில், மர நிழலில், வித்தை மேலாகத் தூவினாற் போதும். ஆழப் புதைத்தல் வேண்டா. உரமும் பெரிதாக வேண்டுவதில்லை. வேண்டுவது பொறுமையே, பூவைக் காண நம் பிள்ளைகள் வளர்ந்து பெரியவராக வேண்டியிருக்கலாம்.

இவ்வளவினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. பூத்து மடிந்த நெலுப்புதர் காண்பதற்குக் காய்ந்த விறகு போலத் தோன்றும். பட்டுப்போனதென்று கருதி அதனை வெட்டி எரித்து, அவ்விடத்தில் உருளைக்கிழங்கோ லீக்ஸோ நடுவாரும் உளர். அடுத்த தலைமுறை முழுவதும் அப்பொழுது அச்சருகின் கீழேதான் கிடக்கின்றது. ஒருமுறை எரித்தால் அக்கரையில் நெலு மீண்டும் முளைக்க வித்தில்லை. கரைமண்ணைப் பற்றி நிற்க வேருமில்லை. ஆதலால் மடிந்த புதரை ஈராண்டேனும் தொடாது விடுக. நாற்றுக்கள் முழங்காலளவு உயரும்வரை ஆடுமாடுகளை அக்கரையில் மேயவிடாதிருத்தலும் நன்று.