சைகையும் பேச்சே!



மகன் பிறக்கப்போவதற்கு அடையாளமாக, மூன்று இரவுகள் மக்களுடன் பேச இயலாத நிலையை ஜகரிய்யா (அலை) அவர்களுக்கு அல்லாஹ் அளித்தான். அந்நிலையிலும் காலையும் மாலையும் இறைவனைத் துதிக்குமாறு தம் சமூகத்தாருக்கு அவர்கள் சைகையால் அறிவித்தார்கள் என்று மர்யம் அத்தியாயம் கூறுகிறது. நாவு நின்றது, செய்தி நிற்கவில்லை.

மதீனாவில் ஒரு சிறுமியின் தலை கல்லால் நசுக்கப்பட்டது. பேச இயலாத அச்சிறுமியிடம் ஒவ்வொரு பெயராகக் கூறிக் கேட்கப்பட்டது. குற்றவாளியின் பெயர் வந்தபோது அவள் ஆம் எனத் தலையசைத்தாள். பிடித்து விசாரித்தபோது அவன் ஒப்புக்கொண்டான். இது புகாரியில் இடம்பெற்றுள்ள செய்தி. அவளுடைய தலையசைப்பை நபி (ஸல்) அவர்கள் புறக்கணிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அண்மையில் ஒரு தாய், "ஹஜ்ரத்! என் மகளுக்கு நான் யாரென்று தெரியுமா?" என்று அழுதபடி கேட்டார். அக்குழந்தைக்கு ரெட் நோய். 1966இல் வியன்னா மருத்துவர் ஆன்ட்ரியாஸ் ரெட் இதனை விவரித்தார். எம்.ஈ.சி.பி.2 என்னும் மரபணுவின் மாற்றமே இதற்குக் காரணம் என்பதை, பெய்ரூத்தில் பிறந்த ஹுதா ஸோக்பி தலைமையிலான குழு 1999இல் கண்டறிந்தது. இந்நோய் பெரும்பாலும் பெண் குழந்தைகளையே பாதிக்கிறது. முதல் சில மாதங்கள் இயல்பாக வளரும் குழந்தை, பின்னர் கற்ற சொற்களையும் கைகளின் பயன்பாட்டையும் இழக்கிறது. கை கழுவுவதுபோல் ஓயாது கைகளைப் பிசைகிறது. மிகப் பெரும்பாலும் இம்மாற்றம் புதிதாக நேர்வதே; பரம்பரையாக வருவதன்று. ஆகவே, தாயைப் பழிப்பது அநீதியாகும்.

இக்குழந்தைகளின் உடல் அவர்களின் விருப்பத்திற்கு உடனே கட்டுப்படுவதில்லை. ஆனால், அவர்களின் கண்கள் பேசுகின்றன. பாலையும் தண்ணீரையும் இருபுறமும் காட்டி, எது வேண்டும் எனக் கேளுங்கள். அவசரப்படாமல் காத்திருங்கள், பதில் வரச் சில நொடிகள், சில வேளை அதற்கும் மேல் ஆகலாம். குழந்தையின் பார்வை நிலைத்ததும், "பால் கேட்டாய், இதோ!" என்று கூறிக் கொடுங்கள். பின்னர் படங்களுக்கு மாறுங்கள். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே படங்களையே பயன்படுத்தட்டும். பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் ஆகியோரின் உதவியைத் தாமதமின்றி நாடுங்கள். "இதற்கு ஒன்றும் புரியாது" என்று குழந்தையின் முன்னிலையில் ஒருபோதும் கூறாதீர்கள்.

அந்தத் தாயிடம் நான் கேட்டேன்: "நீங்கள் அறைக்குள் வரும்போது அவள் எங்கே பார்க்கிறாள்?" "என்னைத்தான்" என்றார். "அதுவே அவள் 'உம்மா' என்று அழைப்பது" என்றேன்.

சகோதரர்களே! வாய் பேச இயலாதவரின் தெளிவான சைகையைத் திருமணத்திலும் வணிகத்திலும் சொல்லுக்கு நிகராக நம் சட்ட அறிஞர்கள் ஏற்றுள்ளனர். அவ்வாறிருக்க, ஒரு குழந்தையின் பார்வைக்காகச் சற்றுக் காத்திருக்க நமக்கு நேரமில்லையா? துஆச் செய்வோம், அத்துடன் பொறுமையாகக் கவனிக்கவும் செய்வோம். அந்தப் பொறுமையை வல்ல ரஹ்மான் நமக்கு அருள்வானாக! ஆமீன்.