கிரிப்டோ பணப்பை: முதலில் அறிய வேண்டியவை

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கற்பிட்டி, புத்தளம் பகுதிகளுக்கு வந்த குடும்பங்களுக்குக் காணி உறுதியின் பெறுமதியை நாம் சொல்ல வேண்டியதில்லை. பதிவு செய்த உறுதி தொலைந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி பெற வழியுண்டு. கிரிப்டோ நாணயத்துக்கு அப்படியொரு பதிவகம் இல்லை.

கைத்தொலைபேசியிலுள்ள ‘வொலட்’ எனும் பணப்பைக்குள் நாணயம் இருப்பதில்லை. அதைச் செலவிடும் இரகசியத் திறவுகோலே இருக்கிறது. பணப்பை இருவகைப்படும்.

ஒன்றில் திறவுகோலை நிறுவனம் வைத்திருக்கும். நிறுவனம் முறிந்தால் நமது பணமும் முடங்கும். 2014இல் ஜப்பானின் மவுண்ட் கொக்ஸ், 2022இல் எஃப்.டி.எக்ஸ் ஆகியன முறிந்தபோது இதுவே நடந்தது.

மற்றதில் திறவுகோல் நம் கையில். அதை மீட்க 12 அல்லது 24 சொற்கள் தரப்படும். அவை தொலைந்தால் பணமும் தொலைந்தது. பிறர் அறிந்தால் பணம் அவருடையது.

எனவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. சொற்களைத் தாளில் எழுதி, நனையாதபடி இரண்டு இடங்களில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைக்காதீர்கள்.

2. எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். கேட்பவர் மோசடிக்காரரே.

3. வட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலிருந்து பணப்பையைப் பதிவிறக்காதீர்கள்.

4. ‘ஆள் சேர்த்தால் இலாபம்’ என்றால் விலகுங்கள். பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டப்படி குற்றமாகும்.

கிரிப்டோ தொழில் நடத்த எவருக்கும் அனுமதி வழங்கவில்லை என மத்திய வங்கி 2022 ஜூலையில் எச்சரித்தது. வெங்காய விதைக்கும் உரத்துக்கும் வைத்த காசை இதில் போடாதீர்கள். போனால், முறையிட்டு மீட்க ஒரு கந்தோரும் இல்லை.