எட்டாவது சர்வர்

அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்குத் தரகு நிறுவனம் 2012 ஜூலைக் கடைசியில் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றிய ஊழியர் எட்டாவதை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், 2003 முதல் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் அந்த ஒரு சர்வரில் உயிர்பெற்றது. ஆர்டர் நிறைவேறிவிட்டதா என்று பார்க்காமலேயே மேலும் மேலும் ஆர்டர் அனுப்பித் தள்ளியது. வாடிக்கையாளர்கள் கொடுத்தவை 212 சிறு ஆர்டர்கள்தான். 45 நிமிடத்தில் நடந்தவையோ 40 லட்சம் வர்த்தகங்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

நிரலை எழுதுவது பாதி வேலை. அதை ஓடும் இடத்தில் பிசகில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் டெப்ளாய்மென்ட் மறுபாதி. சர்வர்களை வாடகைக்கு எடுக்கும் கிளவுடில் இந்த மறுபாதியை இயந்திரத்திடமே விடுகிறார்கள்.

நிரலும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளும் சேர்ந்து ஒரே இமேஜாகக் கட்டப்படும். 2013இல் வந்த டாக்கர் என்ற மென்பொருள் இந்த முறையைப் பரவலாக்கியது. இமேஜின் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு நீண்ட அடையாள எண் கணக்கிடப்படும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். எந்த சர்வரில் எது ஓடுகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

இந்த இமேஜ்களை சர்வர்களில் ஓட்டிப் பார்த்துக்கொள்ள 2014இல் கூகுள் வெளியிட்ட மென்பொருள் குபர்நெட்டிஸ். "இந்த இமேஜ் எட்டுப் பிரதிகளாக ஓட வேண்டும்" என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், அது ஓயாமல் எண்ணிப் பார்க்கும். ஏழுதான் ஓடுகிறது என்றால் எட்டாவதைத் தானே கிளப்பும். புதிய பதிப்பு வரும்போது சில பிரதிகளை மட்டும் மாற்றி, தயார் என்று பதில் வந்த பிறகே மீதியைத் தொடும். பதில் வராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரே கட்டளை போதும்.

ஆனால் திரும்புவது எல்லா நேரமும் காப்பாற்றாது. நைட் பொறியாளர்கள் பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். நிலைமை இன்னும் மோசமானது. பழைய நிரலை முடுக்கிய அதே ஃப்ளாகை, அதாவது நிரலை இயக்கும் சுவிட்சை, புதியதற்கும் வைத்திருந்ததால் அந்த ஏழிலும் பழையதே கிளம்பியது. குபர்நெட்டிஸிலும் மாற்றம் முடியும்வரை பழசும் புதுசும் அருகருகே ஓடும். ஒரே ஃப்ளாகை இரண்டும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டால் எந்த கிளவுடும் தடுக்காது. டேட்டாபேஸில் செய்த மாற்றமும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது.

நிரல் எழுதும் இளைஞர்களே, பயன்படாத நிரலை இன்றே அழித்துவிடுங்கள். பழைய ஃப்ளாகைப் புதிய வேலைக்கு எடுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குள் புகுந்து கையால் எதையும் மாற்றாதீர்கள்.